எந்த யோகா நமக்கு செட் ஆகும்?

யோகா கத்துக்கணும்னு தோணின உடனே நிறைய பேர் வீட்டுக்கு பக்கத்துல எந்த கிளாஸ் இருக்குன்னு மட்டும் பாத்து சேந்துடறாங்க, ரெண்டு வாரத்துல முதுகு புடிச்சுக்குது, அப்புறம் யோகாவே எனக்கு ஒத்து வரலன்னு விட்டுடறாங்க. மனசுக்கு கஷ்டமா இருக்கு, ஏன்னா அவங்களுக்கு ஒத்து வராதது அந்த ஒரு வகை மட்டும்தான்.

நானும் அப்படி மாட்டினவதான். பிப்ரவரில, இங்க தென்னாப்பிரிக்காவோட டர்பன்ல சும்மா நின்னாலே வேர்த்து ஊத்துற நேரத்துல, ஹாட் யோகால சேந்தேன். ரூமை 40 டிகிரி வரைக்கும் சூடு பண்ணி 90 நிமிஷம், 26 ஆசனம். பாதியிலேயே தலை சுத்தி உக்காந்துட்டேன். பிரஷர், ஹார்ட் பிரச்சனை இருக்கறவங்க, மாசமா இருக்கறவங்க இந்தப் பக்கம் போகாதீங்க.

முதல்ல உங்க ஒடம்பு நாள் பூரா என்ன பண்ணுதுன்னு பாருங்க. பீச்ஃப்ரண்ட்ல தினம் ஓடுறவங்க, சின்ன வயசு, மூட்டு நல்லா இருக்குன்னா அஷ்டாங்கா பாக்கலாம். மைசூர்ல பட்டாபி ஜோயிஸ் சொல்லிக் குடுத்த முறை, தினமும் அதே வரிசை, மூச்சோட சேந்து வேகமா போகும். அதே வரிசை போரடிக்கும்னா வின்யாசா, அதுலயும் மூச்சோட சேந்துதான் போகும், ஆனா வரிசை மாறிட்டே இருக்கும்.

முட்டி வலி, கழுத்து வலி, ஆபீஸ்ல நாள் பூரா உக்காந்தே இருக்கறவங்களுக்கு நான் கண்ண மூடிட்டு பி.கே.எஸ். ஐயங்கார் சொல்லிக் குடுத்த ஐயங்கார் முறையதான் சொல்வேன். சின்ன வயசுல காசநோய், மலேரியான்னு படாத பாடு பட்டவர் அவரு, அதனாலயோ என்னவோ முடியாதவங்களுக்கும் வழி வெச்சிருக்காரு, நாற்காலி, பெல்ட், மரக்கட்டை எல்லாம் வெச்சு மெதுவா நிறுத்தி செய்ய வைப்பாங்க. டர்பன் சாட்ஸ்வர்த்ல இருக்கற எங்கம்மா தரையில உக்காந்து எந்திரிக்கவே பயந்தவங்க, நாற்காலிய புடிச்சுக்கிட்டே ஆரம்பிச்சாங்க, இப்ப தினமும் விடாம செய்யறாங்க.

ஒடம்பவிட மனசுதான் அலுத்துப் போச்சுன்னா சிவானந்தா முறை. பாய்க்கு பேர் போன பத்தமடைல பொறந்த சுவாமி சிவானந்தர் வழி, பிராணாயாமம், 12 அடிப்படை ஆசனம், நடுநடுவுல சவாசனம். அவர் ஆரம்பிச்ச டிவைன் லைஃப் சொசைட்டி இங்க 1949லேந்தே இருக்கறதால நம்ம பெரியவங்க நிறைய பேருக்கு தெரிஞ்ச வழிதான், வீட்டுல கேட்டுப் பாருங்க.

எதுவா இருந்தாலும் மொத்தமா பணம் கட்டாம ரெண்டு மூணு கிளாஸ் போய்ப் பாருங்க. ஆபரேஷன், பழைய அடி எல்லாத்தையும் டீச்சர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அத காதுல வாங்காத டீச்சர் வேணவே வேணாம். பிரஷரோ, க்ளௌகோமாங்கற கண் அழுத்த நோயோ இருந்தா சிரசாசனம் வேணாம். சுகருக்கு இன்சுலின் போடறவங்க பையில இனிப்பு எதாவது வெச்சுக்கங்க. செய்யும்போது மூச்சு வாங்கி வாய் தொறந்துட்டா அந்த வேகம் உங்களுக்கு அதிகம். மறுநாள் காலைல சதை லேசா வலிச்சா பரவால்ல, மூட்டுக்குள்ள குத்தினா அத விட்டுட்டு வேற வகை பாருங்க.