‘தண்ணி யாரு அடிக்கிறது?’ – ஆஸ்பத்திரியில சோஷியல் ஒர்க்கரைப் பார்க்கப் போறவங்களுக்கு

தண்டையார்பேட்டையில பதினெட்டு வருஷமா ஆட்டோ ஓட்டறேன். எங்க ஏரியால ‘அவங்க அடையாறு போறாங்க’ன்னு குரலைத் தாழ்த்திச் சொன்னா, என்ன நோய்னு யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. முத்துலட்சுமி ரெட்டி 1954ல தொடங்குன கேன்சர் ஆஸ்பத்திரி அங்கதான் இருக்கு. ஊர்ப் பேரே நோய்ப் பேரா ஆயிடுச்சு.

எங்க அக்காவுக்கு மார்புல கட்டி. பதறிப்போய் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்து, ஆபரேஷனுக்கு ஆட்டோ ஆர்.சி. புக்கை ஃபைனான்ஸ்ல வச்சுட்டேன். கீமோவுக்கு வேற ஆஸ்பத்திரி போனப்பதான், வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டு வழி பார்க்கற சோஷியல் ஒர்க்கர்னு ஒருத்தங்க இருக்கறதே தெரிஞ்சுது. முதலமைச்சர் காப்பீட்டுல சிகிச்சைக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி அனுமதி வாங்கணுமாம். கட்டுன பணம் கட்டுனதுதான். அதனால கட்டியில துளி எடுத்துப் பார்க்கற பயாப்சி ரிசல்ட் வந்த அன்னிக்கே ‘சோஷியல் ஒர்க்கர் ரூம் எங்க?’ன்னு நர்சம்மாகிட்ட கேட்டுருங்க. காப்பீட்டு கவுன்டர்ல உக்காந்திருக்கறவர் வேற, இவங்க வேற. அவர் பேப்பரைப் பார்ப்பாரு, இவங்க வீட்டைப் பார்ப்பாங்க.

பேப்பர் விஷயம் சட்டுனு சொல்லிடறேன். ரேஷன் ஸ்மார்ட் கார்டு, ஆதார், பயாப்சி ரிப்போர்ட், எல்லாத்துலயும் அஞ்சு ஜெராக்ஸ். ரேஷன் கார்டுல நோயாளி பேர் இருக்கணும். கல்யாணமாகிப் போன பொண்ணுங்க பல பேரோட பேர் ரெண்டு வீட்டு கார்டுலயும் இருக்காது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. வருமானச் சான்று இ-சேவையில போடலாம். காப்பீட்டு அட்டைக்கு நம்ம பக்கத்துக்காரங்க ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ் போனா போதும். நடுவுல ‘நான் முடிச்சுத் தரேன்’னு வர்றவனுக்கு அஞ்சு பைசா குடுக்காதீங்க.

இனிமேதான் முக்கியமானது. சோஷியல் ஒர்க்கர் ரூம்ல போய் கௌரவம் பார்க்காதீங்க. டாக்டர்கிட்ட மறைச்சதை எல்லாம் இவங்ககிட்ட சொல்லணும். கடன், மாமாவோட குடி, யாரு சமைக்கிறா, யாரு கூட வர்றா, எல்லாம். ரேடியேஷன்னா வாரத்துக்கு அஞ்சு நாள், சில பேருக்கு ஆறு ஏழு வாரம் கூட ஓடும். அத்தனை நாள் வேலையை விட்டுட்டு யாரு கூட்டிட்டுப் போறது? முன்னாடியே சொன்னா, டாக்டர்கிட்ட பேசி நேரத்தை மாத்த முடியுமா, தங்க இடம் கிடைக்குமான்னு பார்ப்பாங்க.

அக்கா ரெண்டாவது கீமோவுக்கு வரமாட்டேன்னுச்சு. முடி கொட்டறதுனாலன்னு நாங்க நினைச்சோம். அந்த மேடம் அதைக் கேக்கவே இல்ல. “வீட்ல தண்ணி யாரும்மா அடிக்கிறது?”ன்னாங்க. அக்கா அழுதுடுச்சு. தண்ணி அடிக்கிற கைதான் ஆபரேஷன்ல அக்குள்ல நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை. அந்தக் கை வீங்கும், வெயிட் தூக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க. ஆனா விடியக்காலைல அடி பம்புல அடிச்சு, பத்துக் குடம் ரெண்டு மாடி ஏத்தறது அக்காதான். கை வீங்கியிருக்கு, காட்டுனா திட்டுவாங்கன்னு பயந்திருக்கு. அன்னிக்கே பிசியோதெரபி ரூமுக்கு அனுப்பி வச்சாங்க. எங்க மாமாவைக் கூப்பிட்டு உக்கார வச்சு, நாளையிலேர்ந்து குடம் உங்களுதுன்னுட்டாங்க. மனுஷன் இன்னிக்கு வரைக்கும் தூக்கறாரு, முணுமுணுத்துக்கிட்டேதான்.

நோயாளிகிட்ட நோய்ப் பேரைச் சொல்லாம மறைக்கிற வீடு நம்ம பக்கம் நிறைய. அதையும் இவங்ககிட்ட விட்டுடுங்க. டாக்டரையும் நம்ம வீட்டு ஆளுங்களையும் உக்கார வச்சு எப்படிச் சொல்லலாம்னு பேசுவாங்க. எங்க அக்காவுக்கு எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தது வேற கதை.

எழுந்து வர முடியாத நிலைமைன்னா, 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டத்துல வீட்டுக்கே வந்து வலிக்குப் பார்க்கறாங்க. உங்க தெரு எந்த சுகாதார நிலையத்துல வருதுன்னு கேட்டு எழுதி வாங்கிக்குங்க.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்க. தேதி, யாரைப் பார்த்தோம், என்ன சொன்னாங்க, அதுல இருக்கட்டும். காலைல ஓ.பி. கூட்டத்துல சோஷியல் ஒர்க்கரைப் பிடிக்க முடியாது. பதினொன்றரைக்கு மேல போங்க. ஒன்றரைக்குச் சாப்பிடப் போவாங்க, அப்ப கதவுல போய் நிக்காதீங்க.