நகர்த்துற கூண்டா, கட்டுன கொட்டாயா? வீட்டுக்கோழிக்கு எது சரி

வீட்டுக்குப் பின்னாடி நாலு நாட்டுக்கோழி விடலாம்னு ஆசை வந்ததும் எல்லாரும் முதல்ல பண்றது போன்ல கூண்டு படமா பாத்துத் தள்றதுதான். நானும் அப்படித்தான், பாத்து பாத்து வீல் வச்ச கூண்டு ஒண்ணை வெல்டிங் பட்டறைல சொல்லி அடிச்சு கொண்டு வந்தேன், மூணாவது வாரமே அழ வச்சிருச்சு. அதனால படத்தை மூடி வச்சுட்டு முதல்ல உங்க தரையைப் போய் பாருங்க.

நகர்த்துற கூண்டு நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல. கோழியை கவுத்து வைக்கிற மூங்கில் கூடை, அந்த பஞ்சாரம் வேற என்னவாம்? தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் உள்ள விட்டு கவுத்து, இன்னைக்கு வேப்பமரத்தடி, நாளைக்கு கிணத்தோரம்னு மாத்தி மாத்தி வைப்பாங்க. வயல்ல ஆட்டுக்கிடை போடுறதும் அதே கணக்குதான். ஆனா பொழுது சாஞ்சா பஞ்சாரத்தை திண்ணைக்கோ வீட்டுக்குள்ளயோ தூக்கிட்டு வந்துருவாங்க, இதைத்தான் நான் கோட்டை விட்டேன். எங்க கொல்லை மேடும் பள்ளமுமா இருக்கும், கூண்டோட ஒரு மூலைல அடியில நாலு விரக்கடை சந்து, காலைல போய் பாத்தா ரெண்டு கோழியக் காணோம், ஒண்ணு தலையில்லாம கெடக்கு, இறகு வேலி வரைக்கும் சிதறி கெடக்கு. மரநாய் வேலைன்னு பக்கத்து தோட்டத்து அண்ணன் ஒரே பார்வைல சொல்லிட்டார்.

நகர்த்துறது யாருக்கு ஒத்து வரும்னா, கோழி அஞ்சாறுக்கு மேல இல்ல, தரை சமமா புல்லு இருக்கு, இல்ல வாடகை வீடு, காலி பண்ணா கூடவே தூக்கிட்டுப் போகணும், அவங்களுக்கு. ஆறடிக்கு நாலடி போதும், முக்கா இன்ச் ஸ்கொயர் டியூப்ல அடிங்க, ரெண்டு பேர் சிரமமில்லாம தூக்கற கனம்தான் இருக்கணும். கனமா அடிச்சீங்கன்னா ரெண்டு நாள் நகர்த்துவீங்க, மூணாவது நாள் "நாளைக்கு பாத்துக்கலாம்", அப்புறம் அதுவும் ஒரே இடத்துல நிக்கிற கொட்டாய்தான், தரை மட்டும் கெடையாது. நகர்த்துறது சும்மா புல்லுக்காக மட்டும் இல்லைங்க. ரத்தக்கழிச்சல் கிருமி எச்சத்தோட வெளிய வந்ததும் உடனே தொத்தாது, ஈரமும் சூடும் இருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல தயாராகும், அதை கொத்தித் திங்கற குஞ்சுக்கு கழிச்சல் வரும், அதுக்குள்ள கூண்டு வேற இடத்துக்கு போயிட்டா அந்த ஆபத்து நல்லா குறையும். தினமும் ஒரு கூண்டு நீளம் தள்ளுங்க, அவ்வளவுதான். மத்தியானம் மரநிழல் கட்டாயம், மேல தகர ஷீட் மட்டும் போட்டுட்டு வெயில்ல விட்டா கோழி வாயப் பொளந்துட்டு நிக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழைல இதை நம்பாதீங்க, சேறாயிடும்.

பத்து கோழிக்கு மேலன்னா யோசிக்கவே வேண்டாம், கட்டிருங்க. தண்ணி தேங்காத மேடான இடம் பாத்து, நீளவாக்கு கிழக்கு மேற்கா வர்ற மாதிரி போட்டா வெயில் நேரா உள்ள அடிக்காது. தரையை ஒரு அடி ஒசத்தி சிமெண்ட் போடுங்க, சுத்தி ஒண்ணரை அடி செங்கல் சுவர், அதுக்கு மேல பூரா வெல்ட் மெஷ், அதாவது கம்பிகளை பத்தவச்ச கெட்டி வலை. அறுகோணமா இருக்குமே, லேசான கோழிவலை, அது கோழி வெளிய போகாம இருக்கத்தான் ஆகும், நாய் உள்ள வராம தடுக்காது, பல்லால இழுத்தா கிழிஞ்சு வந்துரும். அரை இன்ச் கண்ணு உள்ள மெஷ் விலை அதிகம்தான், எலி பாம்புக்கும் சேத்து அதுதான் தோது. கூரை வெளிய மூணடி நீட்டிக்கிட்டு இருக்கட்டும், சாரல் உள்ள வரக்கூடாது.

உள்ள நெல் உமியோ தேங்காய் நார்க்கழிவோ மூணு நாலு இன்ச் பரப்பி வாரம் ரெண்டு தடவ கிளறி விடுங்க, நனைஞ்ச எடத்தை அள்ளி வெளிய போட்டுருங்க. குனிஞ்சு உள்ள போறப்ப கண்ணு எரிஞ்சா காத்தோட்டம் பத்தலைன்னு அர்த்தம். உக்கார ஒரு மூங்கில், ஒரு கோழிக்கு எட்டு இன்ச்ல இருந்து பத்து இன்ச் கணக்கு, நாலஞ்சு பெட்டைக்கு ஒரு முட்டைப் பெட்டி. வாசல் இருக்கற பக்கத்தை பாதியாவது கழட்டற மாதிரி வைங்க, இல்லன்னா கூட்டும்போது நீங்களே கோழியா குனிஞ்சு ஆகணும்.

கடைசியா நான் எங்க வந்து நிக்கிறேன்னா, ராத்திரிக்கு ஆறடிக்கு அஞ்சடில ஒரு சின்ன கட்டுன கொட்டாய், பகலுக்கு அதே பழைய வீல் கூண்டு, வீலை கழட்டிட்டு குஞ்சுகளுக்குன்னு வச்சுட்டேன். பெருசுங்க பகல்ல வெளிய மேயுது. காசு கம்மியா இருந்தா முதல்ல ராத்திரி கொட்டாயை கட்டுங்க, பகலுக்கு சந்தைல ஒரு பஞ்சாரம் வாங்கிக்கலாம்.

புதுக் கொட்டாய்க்கு மாத்துனதும் நாலஞ்சு நாள் உள்ளயே தீனி தண்ணி வச்சு அடைச்சு போடுங்க, அப்பத்தான் எடம் பழகும். இல்லன்னா சாயங்காலம் ஆறு மணிக்கு டார்ச்சோட முருங்கமரத்துல ஏறி ஒண்ணொண்ணா புடிச்சு எறக்கணும், எங்க வீட்டுல ஒரு செவலைப் பெட்டை இன்னும் அப்படித்தான்.