சம்பளத்துக்கு முந்தின வாரச் சமையல்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில், பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தை) கடை கட்டும் நேரத்தில் போனால் கீரை பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும். தண்டு வழுவழுத்த கீரைக்கட்டை மட்டும் எடுக்காதீர்கள்.

மைசூர் பருப்பு 1 கப், தண்ணீர் 3 கப், கொஞ்சம் மஞ்சள்: 20 நிமிடத்தில் குழையும். புளியை முதலிலேயே ஊற்றினால் பருப்பு விறைத்துக்கொண்டு வேகாது. வெந்த பிறகே ஊற்றுங்கள். முருங்கைக்கீரை கடைசி 3 நிமிடத்தில். காய்ந்த நெத்திலியை 10 நிமிடம் ஊறவைத்துப் பிழிந்தால் உப்பு குறையும். அப்படியும் குழம்புக்கு உப்பு போடுமுன் ருசி பாருங்கள். கோழிக்குப் பதில் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி). மெல்லிசாக வெட்டி, 2 கரண்டி எண்ணெயில் மொறுமொறுவென வறுக்கவும். தடிமனாக வெட்டினால் உள்ளே சப்பென்றிருக்கும்.

தே தாரிக்கை (இழுத்து ஆற்றிய பால் டீ) விடவேண்டாம், 'குராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்று கேட்டு வாங்குங்கள். பீசாங் கோரெங் (வாழைப்பழப் பொரியல்) சனிக்கிழமை மட்டும், வீட்டுக்கு ஒரு பொட்டலம். அதையும் நிறுத்தினால் சம்பள நாளன்று ஆசை தீர அள்ளி வாங்குவோம், கடைக்காரருக்குத்தான் கொண்டாட்டம்.