நெப்போலியனைப் பற்றிப் பேச நெப்போலியனையே சாட்சிக்கு அழைக்கலாமா?

நெப்போலியன் காலத்துப் போர்கள், சமூகம், கலை பற்றிய கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதுபவர்கள் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் நம்பிக்கொண்டிருக்கும் செய்திகளில் நிறைய அந்த மனிதரே பரப்பியவை. இதை மறந்துவிட்டால் மற்ற தவறுகள் தாமாகவே வந்து சேர்ந்துவிடும்.

1812 ரஷ்யப் படையெடுப்பையே எடுத்துக்கொள்வோம். 'பனிதான் அவரைத் தோற்கடித்தது' என்று எத்தனையோ கட்டுரைகள் எழுதுகின்றன. அந்த விளக்கத்தை உலகுக்குப் பரப்பியது எது தெரியுமா? டிசம்பர் 3 தேதியிட்டு அவர் வெளியிட்ட 29ஆவது போர் அறிக்கை. பேரழிவுக்குக் கடுங்குளிரைக் காரணம் காட்டிவிட்டு, பேரரசரின் உடல்நலம் மிக நன்றாக இருக்கிறது என்று அது முடிகிறது. 'போர் அறிக்கை மாதிரி பொய் சொல்கிறான்' என்ற வழக்கே அந்தக் காலத்தில் இருந்தது.

நாட்காட்டியைப் பார்த்தால் விஷயம் புரியும். படை ரஷ்ய எல்லையிலிருந்த நீமன் ஆற்றைக் கடந்தது ஜூன் 24 அன்று, நல்ல கோடையில். வெயில், கெட்ட தண்ணீர், வயிற்றுப்போக்கு, பேன் பரப்பிய டைஃபஸ் காய்ச்சல், தீவனமில்லாமல் செத்து விழுந்த குதிரைகள், ஓடிப்போன வீரர்கள் என்று முதல் சில வாரங்களிலேயே படை கரையத் தொடங்கியது. வழிநெடுகக் காவலுக்கு விட்டுவந்தவர்களும் உண்டு. செப்டம்பர் 7 போரோடினோ சண்டைக்குப் பிறகு மாஸ்கோவுக்குள் நுழைந்தவர்கள் ஏறத்தாழ 1,00,000 பேர்தான். அவர்கள் திரும்பக் கிளம்பிய அக்டோபர் 19 வரை பெரிய பனி எதுவும் விழவில்லை. நவம்பரில் வந்த குளிர் பல்லாயிரம் பேரைக் கொன்றது உண்மை, அதை மறுப்பதும் தவறுதான். ஆனால் எல்லாவற்றையும் பனியின் தலையில் கட்டினால், ரஷ்யத் தளபதிகள் பார்க்லேயும் குதூசவும் திட்டமிட்டுப் பின்வாங்கியதும், ரஷ்யக் குடியானவர்கள் பட்ட பாடும் கணக்கிலிருந்து காணாமல் போய்விடுகின்றன.

கடைசியில் சிறைவைக்கப்பட்ட செயின்ட் ஹெலெனா தீவில் அவர் சொல்லச் சொல்ல, உடனிருந்த லாஸ் காஸ் எழுதி 1823இல் வெளியான நினைவுக் குறிப்புகளும் அப்படித்தான். அதில் வரும் நெப்போலியன் சமாதானத்தையும் மக்களின் விடுதலையையும் விரும்பியவர். தோற்றுப்போன ஒருவர் பின்னாளுக்காகத் தீட்டிக்கொண்ட சித்திரம் அது. அவரைச் சுற்றி உருவான புராணத்தை ஆராய அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. ஆனால் 1805இல் அவர் என்ன நினைத்தார் என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டாதீர்கள். அதற்குக் கடிதங்கள் இருக்கின்றன. அவற்றிலும் அவருடைய தம்பி மகன் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், 1858 முதல் 1869 வரை, வடிகட்டி அச்சிட்ட பழைய தொகுப்போடு நின்றுவிடக் கூடாது. 2004க்கும் 2018க்கும் இடையில் 15 தொகுதிகளாக வந்த புதிய பதிப்பில் 40,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் உள்ளன.

ஓவியங்களைக் காட்டிப் பேசுபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். அவருடைய அரசவை ஓவியர் டாவீட் வரைந்த முடிசூட்டு விழா ஓவியத்தின் நடுவில் அவருடைய தாய் லெதீசியா அமர்ந்திருக்கிறார். அந்த அம்மையார் விழாவுக்கே வரவில்லை. ஆல்ப்ஸ் மலையில் குதிரை முன்னங்கால் தூக்கி நிற்கும் ஓவியமும் அதே கைவண்ணம்தான். 1800இல் அவர் கணவாயைக் கடந்தது கோவேறு கழுதை மேல்.

குள்ளமானவர் என்ற கதை சீக்கிரம் முடிந்துவிடும். 5 அடி 2 அங்குலம் என்பது பிரெஞ்சு அளவு, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 168 சென்டிமீட்டர். அவருடைய படை உடைத்ததாகச் சொல்லப்படும் எகிப்தின் ஸ்பிங்க்ஸ் சிலையின் மூக்கும் அவர் பிறக்கும் முன்பே உடைந்துவிட்டது.

அப்புறம் காலக் குழப்பம். 1798இல் எகிப்துக்குப் போனவர் பேரரசர் அல்ல, ஒரு குடியரசின் தளபதி. அங்கிருந்து 1799 ஜனவரியில் திப்பு சுல்தானுக்கு அவர் எழுதிய கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. மே 4 அன்று திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். ஆகவே பேரரசர் நெப்போலியனும் திப்புவும் சேர்ந்து போரிட்டதாக எழுதுவது சரியல்ல.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது ஒரு விடுபடல். பிரான்ஸ் 1794இல் ஒழித்த அடிமைமுறையை 1802 மே மாதச் சட்டத்தால் மீண்டும் நிலைநிறுத்தியவர் இதே நெப்போலியன். பின்னாளில் ஹெய்ட்டி ஆன செயிண்ட் டொமிங் என்ற பிரெஞ்சுக் காலனியைப் பணியவைக்க மைத்துனர் லெக்லெர்க்கின் தலைமையில் பெரும்படை அனுப்பினார். அங்கிருந்த கறுப்பின மக்களின் தலைவர் டுசேன் லூவெர்ச்சரைப் பிடித்து ஜூரா மலைக் கோட்டையில் அடைத்தார்கள். 1803 ஏப்ரலில் அவர் அங்கேயே இறந்தார். பிரெஞ்சுப் படை செயிண்ட் டொமிங்கில் தோற்றதற்கு மஞ்சள் காய்ச்சல்தான் காரணம் என்று சுருக்கி எழுதுவது, ரஷ்யப் பனிக் கதையை இன்னொரு முறை சொல்வதுதான். காய்ச்சல் ஆயிரக்கணக்கில் கொன்றது, சரி. ஆனால் 1803 நவம்பர் 18 அன்று வெர்த்தியேரில் பிரெஞ்சுப் படையை முறியடித்தது டெசாலின் தலைமையில் போரிட்ட மக்கள். 1804 ஜனவரி 1 அன்று, பாரிஸ் முடிசூட்டு விழாவுக்கு 11 மாதம் முன்பே, ஹெய்ட்டி விடுதலையை அறிவித்துவிட்டது. நிகழ்ச்சி நிரல் போடுபவர்கள் இதைக் கடைசி நாள் மாலை 'காலனிகள்' என்ற அமர்வுக்குத் தள்ளாமல், ஆஸ்டர்லிட்ஸும் வாட்டர்லூவும் பேசப்படும் போர் அமர்விலேயே வைக்க வேண்டும்.