அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ்: பிளஸ் டூ முடிந்தபின் செய்யும் தவறுகள்

அமெரிக்கப் பல்கலைக்கழக அணியில் ஆட வேண்டும் என்ற ஆசையோடு வரும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். ஃபுட்வொர்க், ஃபிட்னஸ் எல்லாம் உங்கள் கோச் பார்த்துக்கொள்வார். நன்றாக ஆடுகிற பிள்ளைகளே வருடாவருடம் போய்ச் சிக்கும் இடங்கள் வேறு.

"ரெண்டு வருஷம் ஃபியூச்சர்ஸ் ஆடிட்டு அப்புறம் போகலாம்"

ஃபியூச்சர்ஸ் என்பது புரொஃபஷனல் டென்னிஸின் அடிமட்டப் போட்டிகள். இந்தப் பேச்சைக் கேட்டாலே இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

என்னிடம் பயின்ற ஒரு பையன், நல்ல உயரம், சர்வீஸ் பிரமாதம். பிளஸ் டூ முடித்ததும் அவன் அப்பா வந்தார். "சார், ஏடிபி உலக ரேங்கிங் பாயிண்ட் கொஞ்சம் எடுத்துட்டான்னா பெரிய யுனிவர்சிட்டியே இவனைத் தேடி வரும்" என்றார். துனிசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அன்டால்யா என்று 15,000 டாலர் பரிசுத்தொகைப் போட்டிகளுக்கு அலைந்தார்கள். பாயிண்டும் வந்தது. இரண்டு வருடம் கழித்து டிவிஷன் ஒன், அதாவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டத்தில் இருக்கும் ஒரு கோச் வீடியோ காலில் வந்தார். ரேங்கிங் பற்றி அவர் கேட்கவே இல்லை. "பள்ளிப் படிப்பை எப்போது முடித்தாய்?" என்பதுதான் முதல் கேள்வி. பதிலைக் கேட்டவர் மறுபடி கூப்பிடவில்லை.

காரணம் இதுதான். டிவிஷன் ஒன் டென்னிஸில், பள்ளி முடிக்க வேண்டிய தேதியிலிருந்து 6 மாதம்தான் அவகாசம் என்பது நெடுநாளைய விதி. அதற்குப் பிறகும் கல்லூரியில் சேராமல் போட்டிகளில் ஆடினால், ஆடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு சீசன் கழியும். கல்லூரி அணிக்கு ஆட இருப்பதே 4 சீசன். போதாதென்று, சேர்ந்த முதல் வருடம் அணிக்கு ஆடாமல் உட்கார வேண்டும். அந்தப் பையனிடம் கோச்சுக்கு மிஞ்சியது பாதிதான்.

"அது ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) போட்டிக்கு மட்டும்தானே? உள்ளூர் டோர்னமெண்ட் பரவாயில்லையே?" என்று கேட்பார்கள். முன்கூட்டி அறிவித்து, ஸ்கோர் எழுதி, அம்பயர் வைத்து நடக்கும் போட்டி எதுவானாலும் கணக்கில் வரும். பயிற்சி செய்வதற்குத் தடையில்லை.

இன்னொரு குறுக்கு வழி, பிளஸ் டூவையே ஒரு வருடம் தள்ளிப்போடுவது. அதுவும் பலிக்காது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து 4 வருடம் எண்ணி, எப்போது முடித்திருக்க வேண்டும் என்று அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு பார்க்கும். மார்க் ஷீட்டில் எந்த வருடம் அச்சாகியிருந்தாலும் அந்தத் தேதி நகராது.

மே மாதம் ரிசல்ட் வந்தால் அந்த ஆகஸ்டிலேயே சேருங்கள். கல்லூரிக்குப் போனால் புரொஃபஷனல் ஆட்டம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008 இரண்டு வருடமும் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்றார். 2007 இறுதியில் அவரிடம் தோற்றவர், பின்னாளில் உலகின் முதல் பத்து வீரர்களுக்குள் வந்த ஜான் இஸ்னர்.

பெரிய பெயருள்ள பல்கலைக்கழகம் கிடைக்கும்வரை காத்திருப்பது

மதுரைக்காரரான தட்சிணேஸ்வர் சுரேஷ் ஜார்ஜியா குவின்னெட் என்ற சிறிய கல்லூரியில்தான் தொடங்கினார். பிறகு வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2025 மே மாதம் அந்த அணி டிசியுவை (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) 4-2 என்று வென்று தேசியப் பட்டம் எடுத்தது. செப்டம்பரில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக டேவிஸ் கோப்பையில் அவர் வென்றதை நாமெல்லாரும் பார்த்தோம். சேர்ந்தபின் மாற வழி இருக்கிறது.

அண்ணனுக்குக் கிடைத்ததை வைத்துத் தங்கைக்குக் கணக்குப் போடுவது

2025 வரை டிவிஷன் ஒன்னில் பெண்கள் அணிக்கு 8 முழு உதவித்தொகை, ஆண்கள் அணிக்கு 4.5தான். அந்த நாலரையை அணி முழுக்கப் பிரித்துக் கொடுப்பார்கள். அதனால்தான் பையனுக்குக் கால்வாசி ஃபீஸ் குறைந்த வீட்டில் பெண்ணுக்கு எல்லாமே இலவசமாகக் கிடைத்தது. கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கில், 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டிலும் தலா 10 பேர்தான் இருக்கலாம். உதவித்தொகைக்கு இருந்த அந்த உச்சவரம்பு போய்விட்டது. எவ்வளவு தருவது என்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பணத்தைப் பொறுத்தது. ஆகவே பழைய சீனியர்களைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். கோச்சிடமே தொகையைக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

வின்னர்களை (எதிராளி தொட முடியாத ஷாட்களை) மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோ

கோச்சுக்கு அனுப்பாதீர்கள். வெட்டாத இரண்டு செட் அனுப்புங்கள்.

கமிஷன் கேட்கும் ஏஜென்ட்

உதவித்தொகையில் இத்தனை சதவீதம் என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிக் கொடுத்தால் பிள்ளையின் தகுதியே போகும்.

டபுள்ஸை விட்டுவிடுவது

கல்லூரி ஆட்டத்தில் மொத்தம் 7 பாயிண்ட், 4 எடுத்த அணி ஜெயிக்கும். 6 சிங்கிள்ஸுக்கு ஆளுக்கொன்று, 3 டபுள்ஸ் சேர்த்து ஒன்று. டபுள்ஸ் முதலில் நடக்கும், ஒரே செட். டியூஸ் (40-40) வந்தால் அட்வாண்டேஜ் கிடையாது, அடுத்த பாயிண்டோடு கேம் முடியும். சிங்கிள்ஸில் ஐந்தாம் ஆறாம் இடத்துக்குப் போட்டியிடும் பிள்ளை, வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது) நன்றாக ஆடினால் அணிக்குள் வந்துவிடலாம். எங்கள் கோர்ட்டில் வாரத்தில் மூன்று மாலை டபுள்ஸ் மட்டும்தான், அதுவும் டியூஸில் ஒரே பாயிண்ட்.