நாலு பேர் சொன்னதை வைத்து ஒரு சின்னக் கடையை எடைபோடுவது எப்படி?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, எல்லாச் சோறும் ஒரே கொதியில் வெந்திருக்கும்வரை சரி. இரண்டு மூன்று பேர் நடத்தும் ரிப்பேர் கடை அப்படியில்லை, ஒருவர் லீவு போட்டாலே அன்றைக்கு அது வேறு கடை. அதனால் ரிவ்யூ நாலைந்துதான் இருக்கிறதென்றால் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, என்ன நடந்தது என்று எழுதியிருப்பதைப் படியுங்கள்.

படிக்கும்போதே குறைகளை இரண்டாகப் பிரித்துவிடலாம். தாமதம், போனை எடுக்கவில்லை, சிடுசிடுத்தார்கள் என்பதெல்லாம் அன்றைய நாளின் கோளாறாக இருக்கலாம். வேறு வேறு மாதங்களில் வேறு வேறு ஆட்கள் இதையே சொன்னால்தான் நான் கணக்கில் எடுப்பேன். மாற்றாத பாகத்துக்குப் பில் போட்டது, பழையதைப் புதிதென்று மாட்டிவிட்டது போன்றவை வேறு ரகம். அது தவறி நடப்பதில்லை. விவரத்தோடு ஒரே ஒருவர் சொல்லியிருந்தாலும், கடைக்காரர் பதில் நேராக இல்லையென்றால் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். இதற்கு மட்டும் ஒரு சோறு போதும்.

விவரம் என்றால் எப்படி? “படுமோசம், யாரும் போகாதீங்க” என்பதில் கோபம் தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை. இன்னொருவர் எழுதுகிறார்: “டிஸ்ப்ளே மாற்றினேன், இரண்டு வாரத்தில் கீழ்ப்பக்கம் டச் போய்விட்டது, கொண்டுபோனால் காசு வாங்காமல் வேறு போட்டுக் கொடுத்தார்கள், ஆனால் நாலு நாள் இழுத்தடித்தார்கள்.” இவர் கொடுத்தது இரண்டு நட்சத்திரமாகவே இருக்கட்டும், எனக்கு அந்தக் கடைமேல் நம்பிக்கை கூடத்தான் செய்யும், ஏனென்றால் சொத்தைப் பாகம் எந்தக் கடைக்கும் வரும், திரும்பி வந்த ஆளை எப்படி நடத்தினார்கள் என்பதுதான் கடைக்குக் கடை மாறும்.

சரி, எண்களையும் பார்க்கத்தானே செய்வோம். பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் தந்த ஒரு சுலபமான வழி இருக்கிறது: இருக்கிற ரிவ்யூக்களோடு ஒரு நல்லதையும் ஒரு கெட்டதையும் நீங்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு ஐந்து வாங்கிய கடை ஏழுக்கு ஆறாகி 86 சதவீதத்தில் நிற்கும். 50க்கு 48 வாங்கியது 52க்கு 49 ஆகி 94க்குப் போய்விடும். ஒரு குறைகூட இல்லையா? 3ஐ ரிவ்யூ எண்ணிக்கையால் வகுங்கள், உண்மையில் குறை அதிகபட்சம் எவ்வளவு இருக்கக்கூடும் என்று தோராயமாகத் தெரியும். 30 பேர் என்றால் 10 சதவீதம், அதாவது பத்துப் பேரில் ஒருவருக்குச் சொதப்புகிற கடைக்கும் இப்படி அமைந்துவிடலாம். பத்தே பேர் என்றால் இந்தக் கணக்கு 30 சதவீதத்துக்கு ஏறிவிடும், கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது என்று அர்த்தம்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் எழுதியவர்கள் எல்லா வாடிக்கையாளர்களையும் போன்றவர்கள் என்றால்தான் செல்லும். ரொம்பச் சந்தோஷப்பட்டவர்களும் கொதித்துப்போனவர்களும்தான் பெரும்பாலும் எழுதுவார்கள், ‘பரவாயில்லை’ ரகத்து ஆட்கள் வேலை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். கடை திறந்த வாரத்திலேயே வரிசையாக ஐந்து நட்சத்திரம், எல்லாம் ஒரே மாதிரி வாசகம் என்றால் சொந்தபந்தம் என்று எடுத்துக்கொள்ளுங்கள் (தப்பில்லை, ஆனால் எண்ண வேண்டாம்). தேதியையும் பாருங்கள். முதலாளியோ முக்கியமான கைவேலைக்காரரோ மாறியிருந்தால் அதற்கு முந்தையதெல்லாம் வேறு கடையைப் பற்றியது.

இன்னும் சந்தேகமா? போனாலும் பெரிய நஷ்டமில்லாத சின்ன வேலையை முதலில் கொடுத்துப் பாருங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா, வாரண்டியைப் பில்லில் எழுதித் தருவீர்களா என்று முன்னாலேயே கேளுங்கள். அந்தப் பதில் பத்து ரிவ்யூவுக்குச் சமம்.

அப்புறம் நீங்களே எழுத உட்கார்ந்தால், என்ன வேலை, எந்த மாதம், குறையைக் கடையில் சொன்னீர்களா, சொன்னதும் என்ன செய்தார்கள் என்பது வரட்டும். சொல்லாமலே வந்துவிட்டீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். பிறகு சரிசெய்து கொடுத்தால் பழையதை அழிக்காமல் அதன் கீழேயே சேர்த்துவிடுங்கள், அடுத்து வருகிறவருக்கு இரண்டும் தேவைப்படும்.