கண்டுபிடிப்பு நோயாளியிடம் போய்ச் சேராமல் நிற்பது ஏன்? கூட்டுப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெனிசிலினை அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டது 1928-இல். மறு ஆண்டே கட்டுரையும் வந்துவிட்டது. ஆனால் அது நோயாளியின் ரத்தத்தில் ஊசியாக ஏறியது 1941-இல்தான். பூஞ்சைச் சாற்றிலிருந்து மருந்தைச் சிதையாமல் பிரித்தெடுக்கும் வேலை பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின், ஹீட்லி ஆகிய ஆய்வாளர்கள் அதைச் சாதித்தபோதும் மருந்து கைப்பிடி அளவுதான் கிடைத்தது. அவர்கள் சிகிச்சை அளித்த காவலர் ஒருவர் தேறி வந்தார். மருந்து போதவில்லை. அவருடைய சிறுநீரிலிருந்தே பெனிசிலினை மீட்டு மறுபடி செலுத்தினார்கள். அதுவும் தீர்ந்தது, அவர் இறந்துபோனார்.

முதல் தவறு இங்கேதான் இருக்கிறது. கட்டுரை வெளிவந்ததும் நம் வேலை முடிந்தது என்று ஆய்வாளர்கள் நினைப்பது. மருந்தைப் பெருமளவில் தயாரிக்கத் தெரிந்தவர்களைக் கடைசியில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது. பெனிசிலின் விளைச்சலைப் பெருக்கிய பொருள்களுள் ஒன்று, மக்காச்சோளத்திலிருந்து மாவுச்சத்து எடுக்கும்போது மிஞ்சும் ஊறல் நீர். அமெரிக்காவின் பியோரியா நகரில் இருந்த வேளாண் ஆய்வகத்தாருக்கு அது பழகிய பொருள். எந்த மருத்துவர் அதைத் தேடிப் போயிருப்பார்? அவர்களும் மருந்து நிறுவனங்களும் கைகோத்த பிறகுதான், 1944 வாக்கில், இரண்டாம் உலகப் போரின் போர்முனைக்கு வேண்டிய அளவு பெனிசிலின் கிடைத்தது.

அவசரமும் தவறுதான். ஒரே ஆய்வகத்தில், ஒரே முறை கிடைத்த முடிவை நம்பி மருந்து நிறுவனத்தின் கதவைத் தட்டக் கூடாது. புற்றுநோய்த் துறையில் மைல்கல்லாகக் கருதப்பட்ட 53 ஆய்வுகளை ஆம்ஜென் மருந்து நிறுவனத்தார் தாங்களே செய்து பார்த்ததில் 6 மட்டுமே உறுதிப்பட்டன என்று 2012-இல் அறிவித்தார்கள். வேறொரு குழு அதே முடிவை எட்டுகிறதா என்று முன்கூட்டியே பார்ப்பதற்குச் சில மாதங்கள் ஆகலாம். பார்க்காமல் இறங்கினால் வீணாவது பல ஆண்டுகள், கூடவே சோதனைக்கு உடலைக் கொடுத்த மனிதர்களின் நம்பிக்கை.

மருந்து நிறுவனத்தோடு போடும் ஒப்பந்த விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் மாநாட்டில் பேசிவிட்டால் பல நாடுகளில் அந்த உரிமையே போய்விடும். பாதகமான முடிவையும் வெளியிடும் உரிமை ஆய்வாளருக்கு உண்டு என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்திடாதீர்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, நோயாளியைக் கடைசியில் கேட்பது. முடக்குவாத மருந்துகளை எதை வைத்து அளவிடுவது என்று பல நாட்டு வல்லுநர்கள் கூடிப் பேசும் ஓமராக்ட் மாநாடு 1992-இல் தொடங்கியது. நோயாளிகளை அழைத்து உட்காரவைத்தது 2002-இல்தான். வந்தவர்கள் சொன்னது: வலி, வீக்கம் மட்டுமல்ல, எழவே விடாத அந்த அசதிதான் எங்களை முடக்குகிறது. அளவீட்டுப் பட்டியலில் அசதிக்குரிய இடம் அதற்குமுன் இருக்கவில்லை. ஆய்வுத் திட்டம் எழுதும் நாளிலேயே நோயாளி மேசையில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதை யாரும் கூட்டாண்மை என்று சொல்லிவிடக் கூடாது.

மருந்துக்கு அனுமதி கிடைத்தாலும் வேலை பாக்கி இருக்கிறது. 1971-இல் வங்கதேச அகதிகளுக்காக இந்தியாவில் இருந்த முகாமில், காலராவால் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து அதை நான்குக்கும் கீழே கொண்டுவந்தார். ஆனால் முகாமில் பலித்தது வீட்டுக்குள் தானாக நுழையவில்லை. 1980 முதல் பிராக் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வங்கதேசத்தில் வீடுவீடாகப் போய், உப்பையும் வெல்லத்தையும் விரலாலும் கையாலும் அளந்து கலக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எத்தனை வீடு ஏறி இறங்கினார்கள் என்பதற்காக அவர்களுக்குக் கூலி இல்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய்க் கேட்கும்போது அந்தத் தாய்க்குக் கலக்கும் முறை எவ்வளவு நினைவிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் கூலி கொடுத்தார்கள்.